எண் கற்ற இயந்திரம்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதியது)

தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் கல்லூரி மலருக்குக் கட்டுரை வரையப் புகுந்தால், சங்க நூல் ஒன்றைப் பற்றியோ காப்பிய மாந்தர் ஒருவரைப் பற்றியோ எழுதுவான் என எதிர்பார்த்தல் இயல்பே. அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, கணிப்பொறிக்கு எண்ணுருக்களைக் கற்பிக்கும் முறையைப் பற்றி யான் ஈண்டு எழுதத் துணிந்தேன். எழுத்தின் வடிவு யாது, அவ்வடிவை அறிதல் யாது, படித்தல் என்னும் தொழில் யாது என்னும் வினாக்கள் தமிழ் மாணாக்கர்க்குப் புறம்பானவை அல்ல. எழுத்ததிகாரத்தை முதலில் நிறுத்தி மொழியை ஆராயத் தொடங்கிய மரபு நம்முடையது. எழுத்தை ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டாகப் பகுத்து ஓதிய நமக்கு, ஒலியையும் பொருளையும் அறியாது வரிவடிவொன்றையே பற்றிக் கற்கும் ஒரு மாணாக்கன் எத்துணைத் தூரம் செல்வான் எனக் காண்பது இன்பந் தருவதன்றோ? அம்மாணாக்கன் உயிரற்ற இயந்திரம். அது கற்றதைப் படமாக வரைந்து நம் கண்ணாற் காணவும் இயலும். யான் கண்ட அப்படங்களையும், அவற்றால் அறிந்ததையும் அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கே இறங்கி, எங்கள் வயல்களையும் தென்னந்தோப்புக்களையும் திராட்சைப் பந்தல்களையும் வளர்க்கின்றது. மலைமேல் ஏலத்தோட்டங்கள் உள்ளன. போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய வழிகளில் ஏறி அங்கே வேலை செய்து மீள்வோர் இன்றும் பலர். இந்நாட்டு வாணிபம் கையெழுத்து எண்களால் நடப்பது. ஏலக்காய் மூட்டையின் எடைச் சீட்டு, திராட்சைப் பெட்டிகளின் தொகை, வாழைத்தார் ஏற்றிய லாரியின் கணக்கு, கூலிச் சிட்டை ஆகியவை யாவும் முதலிற் கையால் எழுதப்படுவனவே. போடியில் ஏலக்காய் ஏலம் இந்நாளில் மின்னணு முறையில் நடைபெறுகின்றது. ஆயினும், தோட்டத்தில் நின்று நிறுப்பவர் கையில் இருப்பது பேனாவும் சிறு நோட்டுமே.

என் பாட்டனாரின் தந்தையார் மலைமேல் ஏலத்தோட்டம் ஒன்றிற் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய பேரேடு ஒன்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கின்றது. ஆட்களுக்குக் கொடுத்த கூலியும் முன்பணமும் அதிலே தமிழ் எண்களால் எழுதப்பட்டுள்ளன. சென்ற கோடை விடுமுறையில், கணிப்பொறியியல் பயிலும் விடுதி நண்பர் ஒருவர் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்த அவர், "இதனை இயந்திரத்திடம் கொடுத்துப் படிக்கச் செய்வோமே" என்றார். விளையாட்டாகத் தொடங்கிய அம்முயற்சி எங்களைப் பல நாள் உறங்கவொட்டாமற் செய்தது.

இயந்திரம் கையெழுத்தைப் படிப்பது இன்று நேற்று எழுந்த செய்தி அன்று. 1989ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தில், லெகுன் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அவர் தோழர்களும், கடித உறைகளின்மேல் மக்கள் எழுதிய அஞ்சற் குறியீட்டு எண்களைப் படிக்கும் நரம்பு வலை ஒன்றை அமைத்தனர். நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகர அஞ்சலகத்தின் வழியே சென்ற கடிதங்களிலிருந்து திரட்டிய 9,298 எண்ணுருக்கள் அதற்குப் பாடமாயும் தேர்வாயும் அமைந்தன. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆறிலக்க எண்ணைப் போன்றதே அவர்களுடைய குறியீடும். கம்பத்திற்கு எழுதும் கடிதத்தில் 625516 என எழுதுகின்றோம். ஈற்றில் நிற்கும் 6ஐ 8 எனப் படித்துவிடின், அக்கடிதம் கூடலூருக்குச் சென்றுவிடும். ஓர் எண்ணைப் பிறழப் படித்தலால் விளையும் கேடு இத்தன்மைத்து.

பின்னர், அமெரிக்க நாட்டுத் தர அளவை நிறுவனம் திரட்டிய கையெழுத்து எண்களிலிருந்து தொகுக்கப்பட்ட எம்னிஸ்ட் என்னும் தொகுதி உலகெங்கும் பரவிற்று. அதிற் கற்பித்தற்கென 60,000 படங்களும், தேர்வுக்கென 10,000 படங்களும் உள்ளன. அவற்றை எழுதியோர் அந்நாட்டுக் குடிக்கணக்கு அலுவலகப் பணியாளரும், உயர்நிலைப் பள்ளி மாணாக்கரும் ஆவர். கணிப்பொறியியல் பயிலத் தொடங்கும் மாணவர் பெரும்பாலோர்க்கு முதற் பாடம் இதுவே. எங்கள் இயந்திரத்திற்கும் இதுவே முதற் பாடமாயிற்று.

இனி, அது கற்கும் முறையை விளக்குவேன். ஒவ்வோர் எண்ணுருவும் நெடுக்கில் 28, குறுக்கில் 28 ஆக 784 கட்டங்கள் கொண்ட சிறு படம். ஒவ்வொரு கட்டத்திலும் மை எத்துணை அடர்ந்துள்ளது என்பது 0 முதல் 255 வரை ஓர் எண்ணாற் குறிக்கப்படும். 784 எண்களின் வரிசையே இயந்திரம் காணும் 'ஐந்து'. அதற்கு வேறு காட்சி இல்லை.

மிக எளிய நரம்பு வலையைப் பத்துத் தராசுகளாக எண்ணிக் கொள்ளலாம். சுழிக்கு ஒரு தராசு, ஒன்றுக்கு ஒரு தராசு, இங்ஙனம் ஒன்பது வரை. ஒவ்வொரு தராசும் 784 கட்டங்களுக்கும் தனித்தனியே ஓர் எடையை வைத்திருக்கும். சில கூட்டும் எடைகள். சில கழிக்கும் எடைகள். ஒரு கட்டத்தில் மை இருந்தால், அக்கட்டத்துக்குரிய எடை மையின் அளவுக்கேற்பக் கூட்டப்படும் அல்லது கழிக்கப்படும். முடிவில் எந்தத் தராசின் தொகை மிகுதியோ, அதன் எண்ணே விடையாகும். பத்துத் தராசுகளுக்குமாக 7,840 எடைகள், தராசுக்கு ஒன்றாக இன்னும் பத்து எண்கள், ஆக 7,850. இவ்வியந்திரத்தின் கல்வி முழுதும் இந்த 7,850 எண்களுள் அடங்கும்.

தொடக்கத்தில் இவ்வெடைகளுக்குப் பொருள் ஒன்றும் இராது. ஒரு படத்தைக் காட்டி, அது இன்ன எண் என்பதையும் உடன் தெரிவிப்பர். இயந்திரத்தின் விடை பிழைபட்ட அளவுக்கு, மை விழுந்த கட்டங்களின் எடைகள் சரியான தராசிற் சிறிது ஏற்றப்படும். தவறாக மிகுந்த தராசுகளிற் சிறிது இறக்கப்படும். பல்லாயிரம் முறை இங்ஙனம் ஏற்றியும் இறக்கியும் வர, எடைகள் ஒரு நிலையில் அமையும். அதன்பின், முன்பு காணாத எண்களைக் காட்டினால், 100க்கு 92 அளவிற் சரியாகச் சொல்லும். ஏலக்காய்க் கடையில் நிறுப்பவர் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்து முள்ளை நடுவிற் கொணர்வது போன்ற தொழிலே இது; மாயம் ஒன்றும் இல்லை.

நிற்க. இத்தனை எடைகளையும் அட்டவணையாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனால், ஒரு தராசின் 784 எடைகளையும் அவற்றிற்குரிய கட்டங்களிலேயே திரும்ப அமைத்து, கூட்டும் எடைக்கு நீலமும் கழிக்கும் எடைக்குச் சிவப்பும் தீட்டினால், அஃது ஓர் ஓவியமாகும். பத்துத் தராசுகளுக்கும் பத்து ஓவியங்கள். நண்பர் அவற்றை ஒரே தாளில் அச்சிட்டு என் முன் விரித்தபோது, இயந்திரம் கற்ற பாடத்தை முதன்முறையாக யான் கண்ணாற் கண்டேன்.

சுழியின் படத்தில் நீல வளையம் ஒன்று மங்கலாகத் தோன்றிற்று. ஆயினும், என் கண்ணை ஈர்த்தது வளையம் அன்று. அதன் நடுவே இருந்த அடர்ந்த சிவப்பே. நடுவில் மை இருந்தால் அது சுழி அன்று என்பதை இயந்திரம் எல்லாவற்றினும் உறுதியாகக் கற்றிருந்தது. ஒன்றின் படத்தில் நடுவே நீலத் தூண், இருமருங்கும் சிவப்பு. இரண்டும் மூன்றும் பனியிற் கண்ட உருவங்கள்போல ஓரளவு புலப்பட்டன. எட்டின் படத்தில் எட்டைக் காண்பது அரிதாயிருந்தது. காரணம் ஆராய்ந்தால் எளிது. எட்டு எழுதப்படும் இடமெல்லாம் மூன்றும் ஐந்தும் ஒன்பதும் எழுதப்படும் இடங்களே. ஆதலின், எட்டுக்கென்று தனியே நிற்கும் மை குறைவு. இயந்திரம் கற்றது எண்ணின் உருவத்தை அன்று. அவ்வெண்ணை மற்ற ஒன்பதினின்றும் பிரித்துக் காட்டும் வேற்றுமையையே. அவ்வேற்றுமை மை பட்ட இடத்தைப் போலவே மை படாத இடத்திலும் உறைகின்றது.

இதனை உணர்ந்தபோது, யான் படத்தின் வெறுமையான இடங்களையே மிகுதியாக நோக்கலானேன். நான்கு மூலைகளிலும் ஓரங்களிலும் நிறம் ஒன்றும் இல்லை. எண்ணுருக்கள் யாவும் படத்தின் நடுவில் அமைக்கப்பட்டிருத்தலின், அக்கட்டங்களில் ஒருபோதும் மை விழுந்ததில்லை. மை விழாத கட்டத்தின் எடை ஏற்றப்படுவதும் இல்லை, இறக்கப்படுவதும் இல்லை. எல்லா எடைகளையும் சுழியென வைத்துத் தொடங்கினால், அவை இறுதிவரை சுழியாகவே நிற்கும். நண்பர் மற்றொரு முறை, தொடக்க எடைகளை ஒழுங்கின்றிச் சிறு சிறு எண்களாக இட்டுக் கற்பித்தார். அப்பொழுது நடுவிலுள்ள கட்டங்கள் ஒழுங்குபெற்றன. ஓரங்களோ தொடக்கத்தில் இட்ட தாறுமாறான புள்ளிகளோடு அப்படியே கிடந்தன. கல்வி எட்டாத இடத்தில் தொடக்கத்து இருந்தது எதுவோ அதுவே நிலைபெறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? அவ்வோரத்தில் யாரேனும் ஒரு கோடு நீட்டி எழுதினால், இயந்திரம் அக்கோட்டையும் நிறுத்துத் தீர்ப்புக் கூறும். தான் அவ்விடத்தைக் கற்றதில்லை என்பதை அறியாது.

இங்கே இன்னொன்றும் குறிக்கத் தக்கது. 784 கட்டங்களையும் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்து, எல்லாப் படங்களையும் ஒரே முறையில் இடம் மாற்றிக் கற்பித்தாலும், இவ்வெளிய வலை முன்போலவே கற்கும். தேர்விலும் முன்போலவே தேறும். நம் கண்ணுக்கோ அப்படங்கள் வெறும் மணற்புள்ளிகள். இதனால், கோடு என்பதையும் வளைவு என்பதையும் அவ்வியந்திரம் அறியாது என்பது போதரும். எந்தக் கட்டம் எதன் அருகில் உள்ளது என்பதே அதற்குத் தெரியாது. எடைகளை முறையாக அடுக்கி, அதில் வளையத்தையும் தூணையும் கண்டு மகிழ்பவர் நாமே. ஓவியம் நம் கண்ணுக்காக வரையப்பட்டது.

தராசுகளுக்கும் படத்துக்கும் இடையே மற்றோர் அடுக்கு வைத்து, அதில் முப்பது இடைநிலை உறுப்புக்களை அமைத்தால், தேர்ச்சி 100க்கு 95 என்னும் அளவுக்கு உயரும். அவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றும் ஒரு வளைவையோ ஒரு கோட்டையோ கற்றிருக்கும் என எண்ணி, அவற்றின் படங்களையும் வரைந்து பார்த்தோம். பெரும்பாலானவை சிதறிய மேகம் போன்றிருந்தன. மனிதன் எழுத்தைக் கற்கும் வழியில் அது கற்கவில்லை. விடை மட்டும் ஒத்து வருகின்றது. எண்ணே அல்லாத, புள்ளிகளை வாரி இறைத்தாற் போன்ற படம் ஒன்றைக் காட்டினோம். அதனையும் ஓர் எண் என்றே மிகுந்த உறுதியுடன் கூறிற்று. பத்துத் தராசுகளின் விடைகளையும் கூட்டினால் முழுமை வரும்படி அதனை அமைத்துள்ளார்கள். பதினோராவது தராசு இல்லை. 'அறியேன்' என்னும் சொல் அதன் அகராதியில் வைக்கப்படவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்திற் பிள்ளை எண் கற்ற முறையை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. ஆசிரியர் பிள்ளையின் விரலைப் பற்றி மணலில் எழுதுவிப்பார். விரல் சென்ற வழியே வடிவு மனத்திற் பதியும். வாய் அதன் பெயரைச் சொல்லும். புளியங்கொட்டையை எண்ணி அதன் அளவு கைக்குத் தெரியும். வரிவடிவும் ஒலிவடிவும் பொருளும் ஒருங்கே சேர்ந்தன. எங்கள் இயந்திரத்திற்கோ ஐந்து என்பது நான்கினும் பெரியது என்பது தெரியாது. பத்து எண்களும் அதற்குப் பத்துப் பெயர்களே. அவற்றிற்குப் பதிலாகப் பத்துப் பூக்களின் பெயர்களை இட்டாலும் அதன் கணக்கில் மாறுதல் ஒன்றும் நேராது.

இனிப் பேரேட்டின் செய்திக்கு வருவேன். எம்னிஸ்ட் தொகுதியிற் கற்ற இயந்திரத்திடம் தமிழ் எண்களை முதலிற் காட்டினோம். ௨ என்பதை 2 என்றே சரியாகப் படித்தது. இவ்விரு வடிவங்களும் பண்டைப் பிராமி எண்ணுருக்களின் வழிவந்தவை என்பர் அறிஞர். ஆதலின் அவ்வொற்றுமை வியப்பன்று. ஆனால், ௧ என்பதை ஒருவர் கையில் 5 என்றது. மற்றொருவர் கையில் 8 என்றது. பத்தைக் குறிக்கும் ௰, நூற்றைக் குறிக்கும் ௱ ஆகியவற்றிற்கு அதனிடம் தராசே இல்லை. ஆயினும் அவற்றையும் பத்து எண்களுள் ஒன்றாகவே கொண்டது. இருபத்து நான்கினை ௨௰௪ என எழுதிய கணக்குப்பிள்ளையின் முறை அதற்குப் பிடிபடவில்லை.

ஆகவே, தமிழ் எண்களையே அதற்குக் கற்பிக்கத் துணிந்தோம். ஊரிலுள்ள முதியோரிடமும், விடுதித் தோழரிடமும் தமிழ் எண்களை எழுதி வாங்கினோம். எடை போடுபவர் ஒருவர், திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனப் பலரும் உவந்து எழுதித் தந்தனர். மறந்துபோன வடிவங்களை நினைவுகூர்ந்து, சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டோரும் உண்டு. புதிய தராசுகளை அமைத்து, மீண்டும் கற்பித்தோம். பேரேட்டின் எண்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, நடுவில் அமைத்துக் காட்ட, பெரும்பாலானவற்றை அது செவ்வையாகப் படித்தது. மூன்று தலைமுறைக்கு முந்திய ஒரு கையெழுத்தை இயந்திரம் படிக்கக் கண்டு நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஒரு பதிவில் மட்டும் ஐயம் எழுந்தது. மலைக்கு வேலைக்குச் சென்ற ஒருவருக்கு முன்பணமாகக் கொடுத்த தொகை ௧ ரூபாயா, ௪ ரூபாயா என்பதே அவ்வையம். இவ்விரண்டு வடிவங்களுக்கும் மேற்பாதி ஏறத்தாழ ஒன்றே, கீழ்ப்பாதியிலேதான் வேற்றுமை. இயந்திரம் சிறிதும் தயங்காது ௪ என்றது. பாட்டனாரிடம் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, தாளை வெயிலிற் பிடித்து நெடுநேரம் நோக்கினார். பின்பு பக்கத்தின் அடியைத் தடவிப் பார்த்தார்.

"அடிக்கூட்டு இருந்தால் மேலே உள்ளதை எல்லாம் கூட்டிக் கழித்துச் சொல்லிவிடலாம், பேராண்டி. அதையும் செல் அரித்துவிட்டதே" என்றார்.

"இயந்திரம் நான்கு என்கிறதே, தாத்தா?" என்றேன்.

"அது சொல்லட்டும். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் கணக்கில் எழுதினால், ஒரு ஏழையின் தலையில் மூன்று ரூபாய்க் கடனை நாம் ஏற்றினவர்கள் ஆவோம்" என்று சொல்லித் தாளைத் திரும்பக் கொடுத்தார்.

அக்கடன்காரரும் இல்லை, கடன் கொடுத்த தோட்டத்துக் கணக்கும் இல்லை. ஆயினும், அம்மூன்று ரூபாயை அவர் விடவில்லை. அக்காலத்துக் கூலியாளுக்கு அது பல நாள் உழைப்பு என்பதை அவர் அறிவார்.

அன்றிரவு நண்பரும் யானும் ௧, ௪ ஆகிய இரண்டு தராசுகளின் ஓவியங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வேற்றுமையை மட்டும் படமாக வரைந்தோம். மேற்பாதி ஏறக்குறைய நிறமற்று நின்றது. கீழ்ப்பாதியிலே நீலமும் சிவப்பும் அடர்ந்திருந்தன. பின்னர்ப் பேரேட்டின் தாளை நோக்கினோம். நிறம் அடர்ந்த அதே இடத்திற் பூச்சி தின்ற துளை இருந்தது. இயந்திரத்தின் உறுதி எங்கிருந்து வந்தது என்பது அக்கணமே விளங்கிற்று. ௧ என்பதற்குரிய மை அவ்விடத்தில் இல்லாமையால், அதன் தராசு தாழ்ந்து ௪ வென்றது. கணக்குப்பிள்ளை அங்கே எழுதாமல் விட்டாரா, எழுதியதைப் பூச்சி தின்றதா என்னும் வேறுபாட்டை அது அறியாது. இரண்டும் அதற்கு மை படாத கட்டமே.

இவ்வாறு மூவகை வெறுமைகளை அப்படங்களால் யான் அறிந்தேன். சுழியின் நடுவிலுள்ள வெறுமை பொருளுடையது. எழுதியவர் வேண்டுமென்றே விட்டது. ஓரத்திலுள்ள வெறுமை கற்பிக்கப்படாதது. அங்கே இயந்திரம் ஒன்றும் அறியாது. பேரேட்டுத் துளையின் வெறுமை இழப்பினால் வந்தது. அங்கே இருந்தது ஒன்று, இன்று காணப்படுவது மற்றொன்று. இம்மூன்றையும் வேறு பிரித்து அறிவதே படிப்பு. இயந்திரம் மூன்றையும் ஒன்றாகவே நிறுக்கின்றது.

தமிழ் நூல்களின் வரலாற்றை நினைந்தால் இக்கருத்து இன்னும் வலிவுறும். மெய்யெழுத்தும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்துள்ளது. பின்னாளில் ஓலையில் எழுதியோர், எழுத்தாணிப் புள்ளியால் ஓலை கிழியுமாதலின், பெரும்பாலும் புள்ளியை விடுத்தே எழுதினர். புள்ளி இல்லாத இடத்தில் அது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்பதை இடமும் பொருளும் யாப்பும் கொண்டே துணிய வேண்டியதாயிற்று. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேற்றுமை அமைத்துத் தந்த சீர்திருத்தம், இத்தாலியினின்றும் வந்து தமிழ்த் தொண்டு புரிந்த வீரமாமுனிவர்க்கு உரியதாகக் கூறப்படுகின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடுகளிற் சிதைந்த இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை; புள்ளியிட்டுக் காட்டினார். அந்நூலின் 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைக்காத இடம் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றது. அவ்வெறுமையும் அப்பதிப்பின் பெருமையுள் ஒன்று என்பேன்.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்று கண்டுபிடிக்கப்பட்டன. அவை கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என ஆய்வாளர் கருதுவர். கல்வெட்டுப் படிப்போர், தேய்ந்து ஐயத்துக்கு இடமான எழுத்தைப் பகர அடைப்பினுள் இடுவது மரபு. படித்தவன் எவ்வளவு படித்தான் என்பதையும், எங்கே நின்றான் என்பதையும் அவ்வடைப்பு படிப்போர்க்கு உணர்த்தும்.

இங்ஙனம் கூறுதலால், இயந்திரக் கல்வியை யான் பழிக்கின்றேன் என எவரும் கொள்ளற்க. பத்தாயிரம் ஏடுகளைப் படிக்க மனிதர் போதார். தமிழ்க் கையெழுத்தைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முயற்சியும் வளர்ந்து வருகின்றது. பெங்களூரிலுள்ள எச்.பி. ஆராய்ச்சிக் கூடத்தார் திரட்டிய தமிழ் எழுத்துத் தொகுதியைக் கொண்டு 2006ஆம் ஆண்டில் ஒரு போட்டி நடைபெற்றது. நம் எழுத்து 247 ஆயினும், அதிலே 156 வகைகளே கொள்ளப்பட்டன. 'கொ' என்பது கொம்பும் ககரமும் காலுமாகப் பிரிந்து நிற்றலின், உறுப்புக்களைக் கற்பித்தாற் போதும் என்பதே காரணம். 2021இல் ஏறக்குறைய 91,000 வடிவங்களைக் கொண்ட மற்றொரு தமிழ்த் தொகுதியும் வெளிவந்தது. கன்னட எண்ணுருக்களுக்கு எம்னிஸ்டை ஒத்த தொகுதி 2019இலேயே வந்துவிட்டது. பழைய கணக்கேடுகளும் பத்திரங்களும் திருச்சபைப் பதிவேடுகளும் செல்லுக்கு இரையாகுமுன், தமிழ் எண்களையும் இவ்வாறு பெருந்தொகையாகத் திரட்டுதல் வேண்டும்.

ஆனால், திரட்டும்போதே சிலவற்றைக் கருத்தில் வைத்தல் நன்று. யாருடைய கையெழுத்தைக் காட்டுகின்றோமோ அவர்களுடைய கையெழுத்தையே இயந்திரம் கற்கும். பட்டணத்து மாணாக்கர் எழுதியதை மட்டும் கற்ற இயந்திரத்திற்கு, எடைச் சீட்டில் விரைந்து எழுதும் கை தெரியாது. நல்ல தாளில் எழுதியதைப் போலவே, நனைந்த தாளையும், கிழிந்த தாளையும், மை பரவிய தாளையும் அதற்குக் காட்டுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, 'ஐயம்' என்று சொல்லவும் அதற்கு இடம் வைத்தல் வேண்டும். தேர்ச்சி 100க்கு 92 என்றோ 95 என்றோ கேட்ட அளவில் அமைதி கொள்ளாது, அது கற்றதைப் படமாக வரைந்து, எவ்விடத்து மையை நம்பி விடை கூறுகின்றது என நோக்குவதே அறிவுடையோர் கடன். எங்கள் பேரேட்டின் துளையைக் காட்டிக் கொடுத்தது அவ்வோவியமே.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களுக்கும், பழைய மாணவர்களாகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் இல்லத்திற் பழைய கணக்கேடு இருந்தால் அதனைப் படமெடுத்து வையுங்கள். அதனைப் படிக்க வல்ல முதியோர் இருந்தால், அவர்கள் அருகிலிருந்து ஒவ்வோர் எண்ணுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் "தெரியவில்லை" என்று சொல்லும் இடத்தையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எண்களைக் கற்பிக்க ஆயிரம் கைகள் கிடைக்கும். அந்த ஒரு சொல்லை இயந்திரத்திற்குக் கற்பிக்க வல்லோர் அவர்களே.